உலக்கைப் பாட்டுக்கு நான்கு குரல்

ஹங்கேரியின் வயற்காட்டுப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா மேடை ஏறியது. தாமிரபரணிக் கரைப் பாட்டும் ஏறலாம்.

1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, ஹங்கேரியில் கெச்கெமேட் என்ற ஊரில் ஸோல்டான் கோடாய் பிறந்தார். ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் இருவருக்கும் காது ஒரே பக்கம் திரும்பியிருந்தது. ஏற்றம் இறைப்பவர் பாட்டிலும், நெல் குத்துகிற, சுண்ணாம்பு இடிக்கிற பெண்களின் பாட்டிலும், அவர்கள் கொட்டுகிற கும்மியிலும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயில் பாட்டில் பாரதி குயிலின் வாயால் சொல்கிறார். கோடாயும் தன் நாட்டில் அதே வகைப் பாட்டுகளைத்தான் ஊர் ஊராகத் தேடி நடந்தார். நடந்ததோடு நிற்காமல், அந்தப் பாட்டுகளை நூறு பேர் வாசிக்கும் மேடைக்கும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து கோயில் கொயரில் ஆல்டோ பாடுகிறேன். ஹங்கேரியின் இசைக்கதையை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. தாமிரபரணிக் கரையில் உள்ள நமக்கு அந்தக் கதை மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அடுத்த அறையில் கேட்ட பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஹங்கேரிய இசை’ என்றால் உலகத்துக்கு வேறொன்று நினைவுக்கு வரும். லிஸ்ட் எழுதிய ஹங்கேரிய ராப்ஸடிகள், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள். கேட்டவுடன் காலைத் தாளம் போடவைக்கும் அருமையான இசைதான். ஆனால் அவற்றுக்கு அடிப்படை, நகரத்து விடுதிகளில் ரோமா இனக் கலைஞர்கள் வாசித்த அந்தக் காலத்துப் பிரபல மெட்டுகள். பிராம்ஸின் ஐந்தாவது நடனம்கூட, பேலா கெலெர் என்பவர் இயற்றிய நடன மெட்டிலிருந்து வந்ததே. உழுகிறவர்களும் அறுக்கிறவர்களும் என்ன பாடினார்கள் என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை.

1904 கோடையில், பேலா பார்டோக் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் ஒரு கிராமத்தில் தங்கிப் பியானோ பயிற்சி செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லிடி டோஷா என்ற பெண் ஏதோ பாடிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. டிரான்சில்வேனியா பக்கத்துப் பெண். சிவப்பு ஆப்பிள் ஒன்றைப் பற்றிய பாட்டு. நகரத்தில் அவர் கேட்ட எதையும் போல அது இல்லை. அவளை உட்காரவைத்து, தெரிந்த பாட்டுகளை எல்லாம் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மறு ஆண்டே கோடாயைச் சந்தித்தார். கோடாய் அதற்குள் பாட்டுச் சேகரிக்கப் புறப்பட்டிருந்தார். 1906-இல் ஹங்கேரிய நாட்டுப் பாடல்களின் அமைப்பு பற்றியே முனைவர் பட்ட ஆய்வும் எழுதினார். அதே ஆண்டு இருவரும் சேர்ந்து இருபது நாட்டுப் பாடல்களைப் பியானோ துணையோடு வெளியிட்டார்கள். பிறகு எடிசன் போனோகிராபையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். புனல் போன்ற குழாய்க்கு முன்னால் பாட்டியை நிற்கவைத்து, வெட்கம் தெளியும்வரை காத்திருந்து பதிவு செய்தார்கள். வேலை எளிதாக இல்லை. பழைய பாட்டு கேட்டால் கோயில் பாட்டு வரும். இல்லாவிட்டால் பட்டணத்திலிருந்து வந்த புதுப் பாட்டு வரும். பார்டோக் 1907-இல் எழுதிய ஒரு கடிதம் இந்தச் சிரமத்தை அப்படியே சொல்கிறது.

மண்ணைத் தோண்டத் தோண்ட ஒரு பழைய அடுக்கு வெளிப்பட்டது. ஐந்தே சுரங்கள். மேலே தொடங்கிக் கீழே இறங்கும் மெட்டு. முதல் இரண்டு அடிகளைப் பாடிவிட்டு, அதே மெட்டை ஐந்து சுரம் கீழே இறக்கி அடுத்த இரண்டு அடிகளில் பாடுவார்கள். வோல்கா ஆற்றங்கரை மாரி மக்களிடமும் சுவாஷ் மக்களிடமும் இதே சாயலில் பாட்டுகள் இருப்பதைக் கண்டபோது, தங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து வந்த வழியையே கோடாய் அந்த மெட்டுகளில் கேட்டார்.

அந்த ஐந்து சுரம் எது என்று நம் காதுக்குச் சொல்ல வேண்டுமானால் எளிது. ச, சிறிய காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சிறிய நிஷாதம். அதாவது நம் சுத்த தன்யாசியின் சுரங்கள். கமகம் வேறு, நடை வேறு, ராகமாக விரிவது வேறு. ஆனாலும் கோடாயின் ‘மயில்’ மெட்டை முதன்முதலாகக் கேட்கும் தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகப் படாது. சிறைப்பட்டவர்களை விடுவிக்க மயில் ஒன்று பறந்து வரும் அந்தப் பாட்டை வைத்துத்தான் 1939-இல் அவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ‘மயில் வேறுபாடுகள்’ எழுதினார். ஒரு சின்ன மெட்டு. அதைத் திருப்பித் திருப்பி, புல்லாங்குழலில் ஒரு நிறம், பித்தளைக் கருவிகளில் ஒரு நிறம் என்று இருபத்தைந்து நிமிடம் வளர்த்துக்கொண்டு போகிறார்.

மூன்று வழிகள்

நாட்டுப் பாட்டை வைத்து ஒரு இசையமைப்பாளர் என்ன செய்யலாம்? பார்டோக் பிற்காலத்து உரை ஒன்றில் மூன்று வழிகளைத் தெளிவாகச் சொன்னார்.

முதல் வழி, மெட்டை மாற்றாமல் எடுத்துக்கொண்டு, அதற்குத் துணை இசை மட்டும் சேர்ப்பது. 1915-இல் பியானோவுக்கு எழுதி, 1917-இல் அவரே சிறிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ‘ருமேனிய நாட்டார் நடனங்கள்’ இந்த வகை. ஆறு ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த இசைக்குப் புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாவது வழி, நாட்டுப் பாட்டைப் போலவே மெட்டைத் தானே இயற்றுவது. மூன்றாவது வழிதான் கடினம். மெட்டும் கிராமத்து மெட்டு இல்லை, அதன் போலியும் இல்லை. ஆனால் அந்த இசை இசையமைப்பாளருக்குத் தாய்மொழி ஆகிவிட்டதால், அவர் எதை எழுதினாலும் அதன் காற்று வீசும். 1923-இல் பார்டோக் எழுதிய ‘நடனத் தொகுப்பு’ இரண்டாவது வழிக்குச் சான்று. புடாவும் பெஸ்டும் இணைந்து ஒரே நகரமான ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு எழுதியது அது. ஹங்கேரிய, ருமேனிய, அரபுச் சாயல்கள் கலந்து வரும். ஆனால் எந்த ஊர்ப் பாட்டையும் அவர் அப்படியே எடுக்கவில்லை.

அதே விழா மேடையில் கோடாயின் ‘சால்முஸ் ஹுங்காரிகுஸ்’ முதன்முதலாக ஒலித்தது. டெனர் ஒருவர், பெரிய கொயர், ஆர்க்கெஸ்ட்ரா. பாடல் வரிகள், தாவீதின் 55-ஆம் சங்கீதத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் ஹங்கேரிய மொழியில் ஒருவர் பாடலாக்கியது. நண்பனே துரோகம் செய்தான் என்று அழுகிற சங்கீதம். கோயில் கொயரில் வளர்ந்த எனக்கு அந்தச் சங்கீதம் மனப்பாடம். கொயர் மெல்லிய குரலில், ஒரே சுருதியில், ஊர்ச் சனங்கள் கூடி முணுமுணுப்பதுபோல உள்ளே வரும் இடத்தில் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த மெட்டு கோடாயினுடையது. ஆனால் கிராமத்துக்காரர் யார் கேட்டாலும் அதைத் தங்கள் பாட்டு என்றே சொல்வார்கள்.

இன்னொன்று, 1938-இல் அவர் கொயருக்கு எழுதிய ‘மாலைப் பாட்டு’. வீட்டைவிட்டுத் தொலைவில் இருக்கும் போர்வீரன் ஒருவன், இரவு தங்க இடம் கேட்டுச் செய்யும் ஜெபம். சோப்ரானோ நாட்டுப் பாட்டை அப்படியே பாட, மற்றக் குரல்கள் வாய்மூடி முனகுகின்றன, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, முனகும் பிள்ளைகள்தான் பாட்டைச் சுமக்கிறார்கள் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

நம்மிடம் இருக்கும் இரண்டு களஞ்சியங்கள்

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெண்மணி கோயில் கட்டியது 1785-இல். தலைமுறைகளாக இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களின் வாயில் இரண்டு வகைப் பாட்டு இருக்கிறது. மேற்கத்திய மெட்டில் பாடும் மொழிபெயர்ப்புக் கீதங்கள் ‘பாமாலை’; நம் ராக தாளத்தில் பாடுபவை ‘கீர்த்தனை’. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார், கீர்த்தனையோடு நிற்காமல் கும்மியையும் குறவஞ்சியையும் எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். நாட்டார் வடிவத்தைக் கோயிலுக்குள் கொண்டுவரும் துணிச்சல் நமக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது.

பாமாலை வழியாக நமக்கு வந்தது நான்கு குரல் பாட்டு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பார்ட்ஸ் பிரித்துப் பாடும் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. எங்கள் கொயரில் மூத்தவர்கள் ஐந்து கோட்டு நொட்டேஷனைப் பார்க்க மாட்டார்கள், சோல்ஃபா எழுத்துகள்தான். இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்ற போதகர் பரப்பிய முறை அது. அதே கர்வெனின் கைச்சைகைகளையும் சோல்ஃபாவையும் எடுத்துத்தான் கோடாயும் அவர் மாணவர்களும் ஹங்கேரியப் பள்ளிகளுக்குப் பாட்டுக் கல்வி வகுத்தார்கள். தினமும் பாட்டு வகுப்பு உள்ள முதல் தொடக்கப் பள்ளி 1950-இல் கெச்கெமேட்டில் தொடங்கியது. ஒரே கருவி அவர்களிடமும் நம்மிடமும் இருந்தது. அவர்கள் அதைக்கொண்டு தங்கள் பாட்டியின் பாட்டைப் பிள்ளைக்குக் கற்பித்தார்கள். நாம் பெரும்பாலும் ஐரோப்பியப் பாட்டியின் பாட்டைக் கற்பித்தோம்.

பாமாலையில் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த மெட்டில் தமிழை ஏற்றும்போது குறில் மூன்று தட்டு நீண்டுவிடும். நெடில் அரைத் தட்டில் ஓடிவிடும். ‘மலை’ என்று அச்சில் இருப்பது பாடும்போது ‘மாலை’ என்று கேட்கும். ஹங்கேரிய மொழியிலும் நம்மைப் போலவே குறிலும் நெடிலும் உண்டு. அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ஜெர்மன் மெட்டுகளில் தங்கள் மொழி நசுங்குவதைக் கண்டு கோடாய் வாழ்நாள் முழுவதும் போராடினார். மொழிக்கு ஏற்ற மெட்டு எங்கே கிடைக்கும் என்றால், அந்த மொழியைப் பேசுகிறவர்கள் வேலை செய்துகொண்டே பாடும் பாட்டில்தான்.

அந்த இரண்டாவது களஞ்சியமும் இதே ஊரில் இருக்கிறது. நாங்குநேரியில் 1917-இல் பிறந்த நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நாட்டுப் பாடல்களைச் சேகரித்தார். 1964-இல் அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. பாபநாசத்து மலையடிவாரத்தில் நடக்கும் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். ‘ஆராய்ச்சி’ என்ற இதழ் நடத்தினார். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். பின்னாளில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் வளர்ந்தன. வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் கற்றவர்கள் ஆராயும் ஊர் இது.

கொயர் என்றால் மேற்கத்தியச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் ஒரு கொடை விழாவில் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். புலவர் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பி அடிப்பார்கள். வீசுகோல் பட்டு மணிகள் குலுங்க, குடத்தின் வாயில் பத்தை விழும்போது ‘கும்’ என்று அடிச்சுருதி எழும். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறைகள் பேசிக்கொள்ளும். அண்ணாவி விட்ட இடத்தில் பின்பாட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சுரத்தை இழுத்துப் பிடிப்பார். கூடிப் பாடும் கலை நம் மண்ணில் முன்பே இருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய இடைவெளி உண்டு. நம்மிடம் அச்சில் வந்தவை பெரும்பாலும் பாட்டின் சொற்கள். மெட்டைச் சுரப்படுத்தி வைப்பது மிகக் குறைவு. பார்டோக் ஒரு பாட்டியின் குரல் நடுங்கும் இடத்தைக்கூடச் சின்னச் சின்னச் சுரங்களாக எழுதி வைத்தார். சொல் மட்டும் கிடைத்தால் அது கவிஞனுக்குப் பயன்படும். மெட்டும் கிடைத்தால்தான் இசையமைப்பாளன் கை வைக்க முடியும்.

நாற்றைப் பிடித்தால் வரும் பாட்டு

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசான நடவு நடந்துகொண்டிருந்த சமயம் அது. வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் நடுகைப் பாட்டு கேட்டேன். முதலில் சினிமாப் பாட்டு வந்தது. அடுத்து அம்மன் பாட்டு. “உங்க அம்மை பாடுனதுல ஒண்ணு சொல்லுங்களேன், ஆச்சி” என்றேன். அந்த ஆச்சி சிரித்தார்கள். “இப்படி உக்காந்துகிட்டுக் கேட்டா எப்படி டீச்சர் வரும்? நாத்து கையில இருந்தாத்தான் அது வரும்.”

கஞ்சி முடிந்து வயலில் இறங்கிய பிறகு பாட்டு வந்தது. நாலைந்து சுரத்துக்குள் அடங்கிய மெட்டு. குனிந்து நாற்றை ஊன்றும்போது ஒரு அழுத்தம். கை அடுத்த முடிக்குப் போகும்போது ஒரு இழுப்பு. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் அடியின் கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொண்டார்கள். பத்தி முடிந்ததும் குலவை. போனில் பதிவு செய்ததைக் கேட்டால் சேற்றில் கால் வைத்து எடுக்கும் ஓசையும் தாளமாகவே கேட்கிறது.

இந்த மெட்டைக் கொயருக்குக் கொண்டுவரும்போதுதான் பார்டோக் கைகொடுக்கிறார். வழக்கமான மேஜர், மைனர் கார்டுகளைக் கீழே போட்டால், நடுகைப் பாட்டு இரவல் சட்டை போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் கேரல் ஆகிவிடும். துணை இசையை வெளியிலிருந்து கொண்டுவராதே, மெட்டுக்குள்ளேயே தேடு என்பதுதான் பார்டோக்கின் பாடம். ஐந்து சுர மெட்டில் ச-வும் நி-யும் சண்டை இல்லாமல் வாழ்கின்றன. ஆகவே கார்டிலும் அவை சேர்ந்து ஒலிக்கலாம் என்றார் அவர். அந்த வழியில் நாங்கள் பேஸ் குரலுக்கு ச-வையும் ப-வையும் சுருதியாகக் கொடுத்தோம். ஆல்டோ அந்த மெட்டின் சுரங்களையே மெதுவாக நீட்டிப் பாடுகிறது. டெனர்தான் பின்பாட்டு, சோப்ரானோ அடி முடிக்கும் முன்பே உள்ளே நுழைந்து கடைசிச் சொல்லை வாங்கிக்கொள்ளும். குலவையைக் குலவையாகவே விட்டுவிட்டோம். பதிவைக் கொண்டுபோய் அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டியபோது, “எங்க பாட்டுதான், கூட நாலு வயக்காட்டுல இருந்து பாடுத மாதிரி இருக்கு” என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

புடாபெஸ்டில் ஒலித்த பொற்சுண்ணம்

நம் பாட்டும் ஹங்கேரியும் நேரடியாகவே சந்தித்த தருணம் ஒன்று உண்டு. 2005-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆரட்டோரியோவை வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. அதில் அவர் எடுத்துக்கொண்ட ஆறு பகுதிகளில் இரண்டைக் கவனியுங்கள்: திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி. வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் உலக்கை போட்டுக்கொண்டே பாடும் வடிவம் முதலாவது. வண்டைக் கூப்பிட்டுப் பாடும் மகளிர் வடிவம் இரண்டாவது. மாணிக்கவாசகர் அம்மானை, ஊசல், சாழல் என்று பெண்களின் வேலைப் பாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் எடுத்துத்தான் இறைவனைப் பாடினார். பண்ணைப்புரத்தில் கிராமத்துப் பாட்டோடு வளர்ந்து, 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் அந்த மண்வாசனையைத் திரைக்குக் கொண்டுவந்தவர், பார்டோக்கும் கோடாயும் வாழ்ந்த நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவிடம் உலக்கைப் பாட்டைக் கொடுத்தார். பார்டோக் சொன்ன மூன்றாவது வழி தமிழில் சாத்தியம் என்பதற்கு அவரே சாட்சி.

கோயிலுக்குள்ளும் அந்த முயற்சி நடந்திருக்கிறது. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஏழைகளின் பாட்டுதான் ஆராதனைக்கு உரிய பாட்டு என்று வாதாடி, வழிபாட்டு முறை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். பறையையும் கிராமத்து மெட்டையும் தாழ்வு என்று ஒதுக்கிய சாதிப் புத்தியை அவர் நேருக்கு நேர் எதிர்த்தார். ஹங்கேரியிலும் மேட்டுக்குடிகள் குடியானவன் பாட்டைக் கேவலமாகத்தான் நினைத்தார்கள். ருமேனியப் பாட்டையும் ஸ்லோவாக்கியப் பாட்டையும் சேகரித்ததற்காக பார்டோக்கைத் துரோகி என்று ஏசியவர்களும் உண்டு. மக்களின் இசை ஒன்றோடொன்று கலந்துதான் செழிக்கிறது என்று அவர் கடைசிவரை சொன்னார். நாஜிகளோடு கைகோத்த நாட்டில் இருக்க மனமில்லாமல் 1940-இல் அமெரிக்கா போய், 1945-இல் அங்கேயே இறந்தார்.

இனி செய்ய வேண்டியது

நடவு இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. நாற்று முடியைப் பிடிக்கும் கை குறையும்போது நாற்றைப் பிடித்தால் வரும் பாட்டும் குறையும். பார்டோக் சுமந்த போனோகிராபைவிடப் பல மடங்கு நல்ல கருவி நம் ஒவ்வொருவர் கைப்பையிலும் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் சொல்லோடு மெட்டையும் சேகரிக்கட்டும்; சோல்ஃபா தெரிந்த கொயர்காரர்கள் அதைச் சுரப்படுத்தட்டும். கொயர்கள் ஆண்டுக்கு ஒரு நாட்டுப் பாட்டையாவது நான்கு குரலில் மேடையேற்றட்டும். பாடியவர் எந்த ஊர், யார் வீட்டுப் பாட்டு என்பதை நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டு, அவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். தொடக்கப் பள்ளியில் பிள்ளை கற்கும் முதல் பாட்டு அதன் ஊர்ப் பாட்டாக இருக்கட்டும். கோடாய் தொடங்கியது அங்கேதான். நாட்டுப்புற இசையைக் காக்கும் அந்த முறையை 2016-இல் யுனெஸ்கோ உலகத்துக்கு முன்மாதிரியாக ஏற்றது.

இதற்குப் பெரிய நிதியோ புதிய கட்டடமோ வேண்டாம். பாடத் தெரிந்தவர்களும் பாட்டு வைத்திருப்பவர்களும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள். கார் நடவுக்குத் தண்ணீர் திறந்ததும் நாங்கள் மறுபடியும் வயலுக்குப் போகிறோம். கொயரில் பாடுகிற யாரும் கூட வரலாம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.